ஒரு கிணற்றுநீரும் பல துறைகளும்: பல்கலைக்கழகத்தில் நிலைத்தன்மை ஆய்வும் கற்பித்தலும்

உலகப் பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ‘நிலைத்தன்மை’ என்ற பெயரில் ஆய்வு மையங்களும் பட்டப்படிப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிவருகின்றன. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் 1997-இல் இதற்கென ஒரு முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2006-இலும், ஸ்டான்ஃபோர்டு 2022-இலும் இதற்காகவே தனிக் கல்விப் புலங்களை நிறுவின. இவற்றின் அறிமுகக் கையேடுகளில் தவறாமல் இடம்பெறும் சொல் ‘துறையிடை’ என்பது. வேதியியலாளரும் பொருளியலாளரும் மருத்துவரும் சமூகவியலாளரும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்கிறார்கள் என்று அக்கையேடுகள் சொல்கின்றன. ஆனால் அந்தக் கூரையின்கீழ் அன்றாடம் என்ன நடக்கிறது, தனித்தனித் துறைகளாக இருந்தே அதைச் செய்ய முடியாதா என்ற கேள்விகளுக்குக் கையேட்டில் விடை இருப்பதில்லை. இக்கட்டுரை அந்த விடையைத் தேடும் புதிய வாசகருக்கானது.

1987-இல் வெளியான ஐ.நா. ஆணைய அறிக்கை ஒன்று, நார்வேயின் குரோ ஹார்லெம் புருண்ட்லாந்து தலைமையில் தயாரானது, நிலைத்தன்மைப் பேச்சின் அடிப்படையான நீடித்த வளர்ச்சிக்கு ஒரு வரையறை தந்தது: இன்றுள்ளவர்கள் தம் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ள வேண்டும், ஆனால் இனி வருபவர்கள் தம் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பை அது பறித்துவிடக் கூடாது. கேட்பதற்கு எளிதான இந்த வாக்கியத்தை ஏதேனும் ஒரு துறையிடம் ஒப்படைத்துப் பாருங்கள். தேவை எது என்பது பொருளியலும் மானிடவியலும் பேசவேண்டியது. இயற்கை எவ்வளவு தாங்கும் என்பது சூழலியலும் புவியியலும் அளக்கவேண்டியது. இன்னும் பிறக்காதவருக்கு இன்று இருப்பவர் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பது அறவியலின் கேள்வி. அதை நடைமுறைப்படுத்துவதோ சட்டமும் நிர்வாகமும் செய்யவேண்டியது. ஆக, கேள்வியே பல துறைகளின் எல்லைகளில் பரவிக் கிடக்கிறது.

துறைகள் சேர்ந்து வேலை செய்வதிலும் வகைகள் உண்டு. 1970-இல் பிரான்சின் நீஸ் நகரில், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு நடத்திய கருத்தரங்கில் உளவியலாளர் ழான் பியாஜே, அமைப்பியல் சிந்தனையாளர் எரிக் யான்ச் முதலியோர் இவ்வகைகளைப் பிரித்துப் பேசினர். இன்றும் பெரும்பாலும் அந்தப் பிரிவுகளே வழங்குகின்றன. ஒரே சிக்கலைப் பல துறையினர் தத்தம் முறையில் தனித்தனியே ஆராய்ந்து, இறுதியில் அறிக்கைகளை ஒன்றாகக் கட்டிக் கொடுத்தால் அது பல்துறை ஆய்வு. ஒரு துறையின் கண்டுபிடிப்பு இன்னொரு துறையின் கேள்வியையே மாற்றிவிடும் அளவுக்கு அவர்கள் கலந்து வேலை செய்தால் அது துறையிடை ஆய்வு. பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ள விவசாயி, மீனவர், ஊராட்சி அலுவலர் போன்றோர், தகவல் தருபவர்களாக மட்டும் நின்றுவிடாமல் கேள்வியை வகுப்பதிலும் பங்கேற்றால் அது துறைகடந்த ஆய்வு. நடைமுறையில் முதல் வகையே மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் இரண்டாவதன் பெயரில் விளம்பரமாகிறது என்பது என் கருத்து.

இரண்டாம் வகை எப்படி இருக்கும் என்பதைக் காண, வங்கதேசத்துக் கிணறுகளைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வங்கதேசத்தின் ஊர்ப்புறங்களில் குளத்துநீரையும் ஆற்றுநீரையும் குடித்து, வயிற்றுப்போக்காலும் காலராவாலும் குழந்தைகள் பெருமளவில் இறந்துகொண்டிருந்த நிலையில், 1970-களிலிருந்து யூனிசெஃப் துணையுடன் அரசு குழாய்க்கிணறுகளை அமைக்கத் தொடங்கியது. ஆழமில்லாத துளை, அதில் ஒரு குழாய், மேலே ஒரு அடிபம்பு, அவ்வளவுதான். செலவு குறைவு என்பதால் மக்கள் தாமாகவே வீட்டு முற்றங்களில் இவற்றைப் போட்டுக்கொண்டார்கள். சில பத்தாண்டுகளில் நாட்டின் ஊரகக் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை கிணற்றுநீருக்கு மாறிவிட்டன. பொதுச் சுகாதாரத் துறையின் கண்ணோட்டத்தில் இது பெரும் வெற்றி. கிருமி என்ற ஒரு கேள்வியை அது கேட்டது. அதற்குச் சரியான விடையையும் கண்டது.

1983-இல் எல்லைக்கு இந்தப் பக்கம், கொல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல்நோய் மருத்துவரான கே.சி. சாஹா, மேற்கு வங்கக் கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடித்து, உடலில் கரும்புள்ளிகள் படர்ந்திருப்பதைக் கண்டு, அது குழாய்க்கிணற்று நீரில் கலந்திருந்த ஆர்செனிக் என்னும் நஞ்சின் அடையாளம் என்று இனங்கண்டார். பின்னர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வுப் பள்ளியில் தீபங்கர் சக்ரவர்த்தி என்ற வேதியியலாளர் ஊர் ஊராகச் சென்று நீரையும் முடியையும் நகத்தையும் சோதித்து, சிக்கலின் பரப்பை எடுத்துக்காட்டினார். வங்கதேசத்தில் இது அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது 1993-இல்.

இதற்கு ஓராண்டு முன்பு நிகழ்ந்த ஒன்றை இங்கே நிதானித்துப் பார்க்க வேண்டும். 1992-இல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் வங்கதேசத்தின் ஒரு பகுதியில் கிணறுகளின் நீரைச் சோதித்தது. பாசனக் கிணறுகளின் செயல்பாட்டையும் நிலத்தடி நீரின் வேதியியலையும் அறிவதே அந்தப் பணியின் நோக்கம். பல தனிமங்களை அளந்தார்கள். ஆர்செனிக் அந்தப் பட்டியலில் இல்லை. இது பின்னர் இங்கிலாந்து நீதிமன்றங்களுக்குச் சென்றது. குடிநீராகப் பயன்படுத்தியவர்களுக்கு அந்த நிறுவனம் சட்டப்படி பொறுப்பாகாது என்று 2006-இல், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஒருபுறமிருக்க, ஆய்வுமுறை பயிலும் மாணவருக்கு இந்த நிகழ்வு ஒரு முழுப் பாடம். புவியியலாளர் தம்மிடம் கேட்கப்பட்ட கேள்விக்குத் தம் துறை வழக்கப்படி விடை தந்தார். மருத்துவத்துறை தன் கேள்விக்கு விடை கண்டது. அதே நீரை மக்கள் ஆண்டுக்கணக்கில் குடித்தால் என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் எந்தத் துறையின் மேசைக்கும் வரவில்லை.

பின்னர் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனமும் வங்கதேசப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் சேர்ந்து நடத்தி 2001-இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வு, ஒரு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற வங்கதேச வரம்பைத் தாண்டிய நீரை ஏறத்தாழ 3.5 கோடிப் பேர் குடிப்பதாக மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவான 10 மைக்ரோகிராமை எடுத்துக்கொண்டால் அந்த எண்ணிக்கை 5.7 கோடியாக உயர்ந்தது.

இந்த இடத்தில்தான் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு வருகிறது. 2000-ஆம் ஆண்டு தொடங்கிய அந்தத் திட்டத்தில் நிலத்தடி வேதியியலாளர்கள், நோய்ப்பரவல் ஆய்வாளர்கள், உளவியலாளர்கள், பொருளியலாளர்கள் ஆகியோர் வங்கதேச ஆய்வாளர்களுடன் சேர்ந்து, டாக்காவுக்குக் கிழக்கே உள்ள அராய்ஹசார் என்ற ஒரே பகுதியில் வேலை செய்தார்கள். இடம் ஒன்றாக இருந்தது என்பது சிறிய விவரம்போலத் தோன்றலாம். ஆனால் எல்லாமே அதிலிருந்துதான் கிளைத்தன. வேதியியலாளர் அளந்த அதே கிணற்றின் நீரைக் குடித்த அதே குடும்பத்தை மருத்துவர் பரிசோதித்தார். அதே குடும்பத்திடம் பொருளியலாளர் கேள்வி கேட்டார்.

ஏறத்தாழ 25 சதுர கிலோமீட்டர் பரப்பில் சுமார் 6,000 கிணறுகளைச் சோதித்தபோது முதல் வியப்பு காத்திருந்தது. பாதிக்குப் பாதி கிணறுகள் வங்கதேச வரம்பைத் தாண்டியிருந்தன என்பது மட்டும் இல்லை. நஞ்சு நிறைந்த கிணற்றுக்கு ஒருசில பத்து மீட்டர் தள்ளி நல்ல நீர் தரும் கிணறு இருந்தது. காரணம் மண்ணுக்குள் இருந்தது. இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து படியவைத்த வண்டலில், இரும்பு ஆக்சைடு துகள்களின்மேல் ஆர்செனிக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்டலோடு புதைந்த தாவர எச்சங்களையும் பிற கரிமப் பொருள்களையும் நுண்ணுயிர்கள் உண்ணும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. பின்னர் அவை இரும்பு ஆக்சைடைப் பயன்படுத்திக்கொள்ள, அது கரைந்து, ஒட்டியிருந்த ஆர்செனிக் நீரில் சேர்கிறது. எந்த இடத்தில் எவ்வளவு கரிமம் புதைந்தது, நீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறுவதால் ஆர்செனிக்கும் அவ்வாறே திட்டுத்திட்டாகக் கிடக்கிறது.

இது புவியியல் முடிவு. ஆனால் இதைக் கேட்டவுடன் சமூக அறிவியலாளரின் கேள்வி மாறிவிட்டதைக் கவனியுங்கள். நஞ்சு சீராகப் பரவியிருந்தால், கேள்வி பொறியியல் சார்ந்தது: எந்த வடிகட்டி, எவ்வளவு விலை, யார் பராமரிப்பது? திட்டுத்திட்டாக இருப்பதால் கேள்வி வேறாகிறது: அண்டை வீட்டாரின் கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் எடுக்கலாமா? அப்பகுதி மக்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் நல்ல கிணறு ஒன்றிலிருந்து 100 மீட்டருக்குள்ளேயே வாழ்கிறார்கள் என்று வரைபடம் காட்டியது. கிணறுகளில் பெரும்பாலானவை தனியாருடையவை. பக்கத்து முற்றத்துக்குள் இன்னொரு வீட்டுப் பெண் ஒருநாளைக்குப் பலமுறை குடத்துடன் நுழைவதில் உறவும் பகையும் மானமும் கலந்திருக்கின்றன. இதை வேதியியல் ஆய்வகம் அளக்காது.

பொருளியலாளர்கள் அளந்தார்கள். கிணற்றுநீரின் ஆர்செனிக் அளவை வீடு வீடாகச் சென்று சொன்னபின், தம் கிணறு ஆபத்தானது என்று அறிந்தவர்கள் ஓராண்டுக்குள் வேறு கிணற்றுக்கு மாறும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 37 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. தண்ணீருக்காக நடக்கும் நேரம் பதினைந்து மடங்கு கூடியும் மாறினார்கள். மக்களுக்கு எதுவும் புரியாது, இயந்திரத்தைக் கொண்டுபோய்ப் பொருத்திவிட வேண்டும் என்று எண்ணுகிற திட்டமிடுவோருக்கு இது நல்ல மறுமொழி. அதேசமயம், ஆபத்தை அறிந்தும் மாறாதவர்கள் ஏன் மாறவில்லை என்ற கேள்வியும் இதிலிருந்தே பிறந்தது.

மருத்துவப் பக்கம் ஏறத்தாழ 12,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு நடந்தது. 2010-இல் வெளியான அதன் முடிவுகளில், அந்தக் குழுவில் நேர்ந்த இறப்புகளில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிணற்றுநீரின் ஆர்செனிக்கைக் காரணமாகக் கொள்ளலாம் என்று கணிக்கப்பட்டது. இதற்கு முன்பே, 2004-இல், பத்து வயதுக் குழந்தைகள் 201 பேரிடம் நடத்திய சோதனையில், நீரில் ஆர்செனிக் கூடக் கூட அறிவுத்திறன் சோதனை மதிப்பெண்கள் குறைவது தெரிந்தது. சாஹா கண்ட தோல் புள்ளிகள் தெரியாத குழந்தைக்கும் பாதிப்பு இருக்கலாம் என்றால், நோய் வந்தவரைத் தேடிப்போவது போதாது. கிணற்றைத் தேடிப்போக வேண்டும். இம்முறை மருத்துவத்தின் முடிவு, எந்தக் கிணற்றை முதலில் சோதிப்பது என்ற நீரியல் வேலையின் வரிசையை மாற்றுகிறது.

வங்கதேசத்தில் கிணறு தோண்டும் குழுவைப் பார்த்தால் மூன்றாம் வகையான துறைகடந்த ஆய்வும் விளங்கும். மூங்கில் சாரம் கட்டி, நெம்புகோல்போல ஒரு கழியால் குழாயை நிலத்துக்குள் மேலும் கீழும் இயக்குவார்கள். சாரத்தின்மேல் உட்கார்ந்திருப்பவர், குழாய் மேலெழும்போது அதன் வாயை உள்ளங்கையால் மூடுவார், இறங்கும்போது திறப்பார். அவர் கைதான் அங்கே தடுக்கிதழ் (வால்வு). ஒவ்வோர் அடிப்பிலும் சேறு பீச்சியடித்து வெளிவரும். அதன் நிறத்தைப் பார்த்தே எந்தப் படுகையில் இருக்கிறோம் என்று அவர் அறிவார். சாம்பல் நிற மணல் இளைய படிவு. அதில் ஆர்செனிக் இருக்கும் வாய்ப்பு அதிகம். செம்பழுப்பு மணலில் இரும்பு ஆக்சைடு இன்னும் கரையாமல் இருக்கிறது. நீர் பெரும்பாலும் நல்லது. வங்கதேசத்தின் மத்லாப் பகுதியில் சுவீடன், வங்கதேச ஆய்வாளர்கள் இந்த நிறத் தொடர்பை ஆர்செனிக் அளவுகளோடு ஒப்பிட்டு, தோண்டுபவர்களே கண்ணால் பார்த்து நல்ல படுகையில் குழாயை நிறுத்த முடியும் என்று எடுத்துரைத்தனர். கிணறுகளைப் பெரும்பாலும் போடுவது அரசு அல்ல, இந்தத் தோண்டுபவர்கள்தாம் என்பதால், அவர்களை வெளியே நிறுத்திவிட்டு எழுதும் எந்தப் பரிந்துரையும் ஏட்டோடு நின்றுவிடும்.

இதிலும் அரசியல் உண்டு. 150 மீட்டருக்கும் கீழே உள்ள பழைய படுகைகளில் நல்ல நீர் கிடைப்பதால் அரசு ஆழ்கிணறுகளை அமைக்கிறது. அவற்றை எங்கே அமைப்பது என்பதில் செல்வாக்குள்ளவர்களின் கை ஓங்குவதை ஆய்வாளர்களும் மனித உரிமை அமைப்புகளும் பதிவு செய்திருக்கிறார்கள். பொதுக் கிணறு ஒருவருடைய வேலிக்குள் போய்விட்டால், வேதியியல்படி நல்ல நீர், சமூகப்படி இல்லாத நீர். போதாக்குறைக்கு, டாக்கா நகரம் தன் தேவைக்கு ஆழத்திலிருந்து உறிஞ்சும் நீரால் சுற்றுவட்டாரத்தின் ஆழ்நீர் மட்டம் சரிந்து, மேலேயுள்ள நஞ்சுநீர் கீழிறங்கக்கூடும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. ஆக, கிராமத்துக் கிணற்றில் தொடங்கிய ஆய்வு நகரத் திட்டமிடலில் போய் நிற்கிறது.

இனி கற்பித்தல். இப்படி வேலை செய்யும் ஆட்களைப் பல்கலைக்கழகம் எப்படி உருவாக்குவது? எளிய வழி, எல்லாத் துறைகளிலிருந்தும் ஒவ்வொரு அத்தியாயம் எடுத்து ஒரே தாளாக்குவது. இந்தியாவில் நமக்கு இது பழகிய ஒன்று. 1991-இல் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கும்படி பணித்ததன் தொடர்ச்சியாக, பல்கலைக்கழக மானியக் குழு 2003-இல் ஓர் ஆறு மாதப் பாடத்திட்டத்தை வகுத்தது. அதன்பின் கல்லூரியில் படித்தவர்கள், எந்தப் பட்டமானாலும், சுற்றுச்சூழல் தாளை எழுதியிருப்பார்கள். பல்லுயிர்ப் பெருக்கம், மாசு, மக்கள்தொகை, சட்டங்கள் எல்லாம் அதில் வரிசையாக வரும். நோக்கம் நல்லது, ஆனால் தேர்வுக்கு முந்தைய இரவில் படித்து முடித்துவிடும் தாளாக அது பல இடங்களில் ஆகிவிட்டதற்குக் காரணம், அத்தியாயங்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை என்பதுதான். மேலே சொன்ன முதல் வகையான பல்துறை ஆய்வின் பாடப்புத்தக வடிவம் அது.

இன்னொரு வழியை சூரிச்சின் ஈ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1990-களில் நடத்திக் காட்டியது. ரோலண்ட் ஷோல்ஸ் தலைமையில் சுற்றுச்சூழல் அறிவியல் மாணவர்கள் ஓர் உண்மையான இடத்தையே பாடமாக எடுத்துக்கொண்டார்கள். 1994-இல் அந்த இடம் குரோசஸ் மோஸ் என்னும், காய்கறி விளையும் பெருஞ்சமவெளி. முன்பு சதுப்பாக இருந்து வடிகாலிட்டு விளைநிலமாக்கிய கரிமண் அது; காற்றுப்பட்டு மக்கி, ஆண்டுக்காண்டு தாழ்ந்துபோகிறது. மண்ணைக் காப்பாற்ற வேண்டுமானால் நீரை மீண்டும் தேக்கவேண்டும். தேக்கினால் காய்கறி இல்லை. மாணவர் குழுக்கள் விவசாயிகளோடும் உள்ளூர் நிர்வாகத்தோடும் உட்கார்ந்து, அந்த நிலத்துக்கு எதிர்காலங்கள் என்னென்ன இருக்கக்கூடும், ஒவ்வொன்றிலும் யாருக்கு இழப்பு என்பதை வரைந்தன. இங்கே மண்ணியல் தெரிந்த மாணவர் பொருளியல் தெரிந்தவரிடம் விளக்கம் கேட்காமல் அடுத்த படிக்குப் போக முடியாது. அந்தக் கட்டாயத்தில்தான் கல்வி நடக்கிறது.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆர்னிம் வீக்கும் அவருடைய சகாக்களும் 2011-இல் இத்துறை மாணவருக்கு வேண்டிய திறன்களை ஐந்தாக வகுத்தார்கள். அமைப்புகளை முழுமையாகப் பார்ப்பது, எதிர்காலங்களை எண்ணிப்பார்ப்பது, மதிப்பீடுகளை வெளிப்படையாக விவாதிப்பது, செயல்வழியைத் திட்டமிடுவது, பிறரோடு சேர்ந்து உழைப்பது ஆகியவையே அவை. இவற்றுள் மூன்றாவதைத்தான் அறிவியல் மாணவர்கள் பெரும்பாலும் தவிர்க்கப் பார்க்கிறார்கள். அராய்ஹசாரில் வரம்பை 50 என்று வைப்பதா 10 என்று வைப்பதா? பத்து பாதுகாப்பானது, ஆனால் அதை வைத்தால் ‘கூடாது’ என்ற குறி பெறும் கிணறுகள் பெருகி, நடந்து எட்டும் தூரத்தில் மாற்றுக் கிணறே இல்லாதவர்களும் பெருகுவார்கள். இந்தத் தேர்வை எந்தக் கருவியும் செய்து தராது. தரவு எவ்வளவு தூரம் சொல்கிறது, அதற்கு அப்பால் நாம் எதை மதிக்கிறோம் என்று பிரித்துச் சொல்லப் பழகுவதும் பாடத்தின் பகுதியே.

ஆழம் இல்லாமல் அகலம் மட்டும் வந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. கொலம்பியாவில் 2004-இல் தொடங்கிய நீடித்த வளர்ச்சி முனைவர் படிப்பு, முனைவர் நிலைப் பொருளியலின் அடிப்படைப் பாடங்களை மாணவர்மீது முழுமையாகச் சுமத்திவிட்டு, அதன்மேல் இயற்கை அறிவியலையும் படிக்கச் சொல்கிறது. கடினமான ஏற்பாடுதான். ஆனால் ஒரு துறையிலாவது, அதன் கருவிகள் எங்கே பொய் சொல்லும் என்று அறியும் அளவுக்கு ஊன்றியவர்தான் அடுத்த துறையின் கருவியையும் மரியாதையோடு ஐயப்படுவார் என்று நான் நினைக்கிறேன்.

தடைகள் பெரும்பாலும் அறிவு சார்ந்தவை அல்ல, நிர்வாகம் சார்ந்தவை. பதவி உயர்வுக் குழு தன் துறை இதழ்களில் வந்த கட்டுரைகளை எண்ணுகிறது. ஏழு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் நான்காவது பெயருக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வு மன்றத்துக்கு வந்த நிதி விண்ணப்பங்களை அலசி 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று, துறைகளுக்கிடையிலான தூரம் கூடக் கூட நிதி கிடைக்கும் வாய்ப்பு தொடர்ந்து குறைகிறது என்று கண்டது. இளம் ஆய்வாளர் ஒருவர் இதையெல்லாம் எடைபோட்டுவிட்டு, நிரந்தரப் பணி கிடைக்கும்வரை தன் துறைக்குள்ளேயே இருந்துவிடுவது என்று முடிவெடுத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

இத்தகைய படிப்பில் சேர நினைக்கும் மாணவர் கையேட்டை மூடிவைத்துவிட்டுச் சிலவற்றை நேரடியாக விசாரிக்கலாம். இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு இரு வேறு துறைகளைச் சேர்ந்த வழிகாட்டிகள் உண்டா, அவர்கள் இருவரும் மதிப்பெண் இடுகிறார்களா? ஒரே வகுப்பறையில் இரண்டு ஆசிரியர்கள் ஒன்றாக நின்று, மாணவர் முன்னிலையில் கருத்து வேறுபட்டு விவாதிக்கும் பாடம் ஒன்றாவது இருக்கிறதா? களப்பணி ஒரு வாரச் சுற்றுலாவாக முடிகிறதா, அல்லது அதே ஊருக்கு அடுத்த ஆண்டு மாணவரும் போய், முந்தைய தொகுதி சேர்த்த தரவிலிருந்து தொடர்கிறார்களா? கடைசிக் கேள்வியை அங்கே முன்பு படித்தவர்களிடம் கேட்பது நல்லது. அலுவலகத்தில் கேட்டால் ஆம் என்றே சொல்வார்கள்.